சார்ஜ் இருந்தும் அணைந்த போன்: ஐபோன் 6எஸ் பேட்டரி விவகாரம் – ஒரு நிகழ்வு ஆய்வு

பேட்டரி 40 சதவீதம் என்று திரை சொல்கிறது. ஒரு படம் எடுக்கலாம் என்று கேமராவைத் திறந்ததும் போன் அணைந்துவிடுகிறது. பட்டனை அழுத்தினால் காலி பேட்டரியின் படம் வருகிறது. சார்ஜரைச் செருகினால் சற்று நேரத்தில் போன் எழுந்து பழையபடி 40 சதவீதத்தையே காட்டுகிறது. அந்தக் கொஞ்ச நேரத்தில் அவ்வளவு சார்ஜ் ஏற வழியே இல்லை. ஆக, அந்த 40 சதவீதம் போனுக்குள்ளேயேதான் இருந்திருக்கிறது. இருந்தும் ஏன் அணைந்தது?

2016ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் ஐபோன் 6, 6எஸ் வைத்திருந்த பலர் இந்தக் கேள்வியோடு சர்வீஸ் மையங்களுக்குப் போனார்கள். அந்த நவம்பரில் சீன நுகர்வோர் சங்கம், பேட்டரி 50, 60 சதவீதம் இருக்கும்போதே இந்த மாடல்கள் அணைந்துபோவதாகப் புகார்கள் வருகின்றன என்று ஆப்பிளிடம் விளக்கம் கேட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் இந்தக் கேள்வி ஒரு மன்னிப்புக் கடிதத்தையும், மூன்று நாடுகளில் அபராதத்தையும் இழப்பீட்டையும், போன்களின் செட்டிங்ஸில் புதிதாக ஒரு பக்கத்தையும் கொண்டுவந்தது.

சார்ஜ் குறைந்த போனும் பேட்டரி தளர்ந்த போனும் வேறு வேறு என்பதை இந்த விவகாரம் போல வேறு எதுவும் தெளிவாகக் காட்டியதில்லை. "போன் ஸ்லோவாயிடுச்சு, புதுசு வாங்கணும்" என்ற பேச்சு வராத வீடு இன்று இல்லை. அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இந்த 6எஸ் கதைதான் நினைவுக்கு வரும்.

டேங்கில் தண்ணீர் இருக்கிறது, குழாயில் வரவில்லை

உப்புத் தண்ணீர் ஊரில் பழைய இரும்புக் குழாய் போட்ட வீட்டில் இருந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். மொட்டை மாடி டேங்கில் பாதிக்கு மேல் தண்ணீர் இருக்கும். ஒரு குழாயைத் திறந்தால் நன்றாகவே வரும். குளியலறையிலும் சமையலறையிலும் ஒரே நேரத்தில் திறந்தால் இரண்டிலும் நூல் மாதிரி ஒழுகும். குழாயின் உட்புறத்தில் படிந்த உப்பு வழியைக் குறுக்கிவிட்டதுதான் காரணம். டேங்கின் அளவை எட்டிப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

லித்தியம்-அயன் பேட்டரியில் அந்த உப்புப் படிவத்துக்குச் சமமானது உள் மின்தடை. ஒவ்வொரு முறை சார்ஜ் ஏறி இறங்கும்போதும், சும்மா கிடக்கும்போதும்கூட, பேட்டரிக்குள் வேதிவினைகள் நடந்து மின்முனைகளின் மேல் படலம் தடித்துக்கொண்டே போகிறது. கொள்ளளவு குறைவது ஒரு விளைவு. "சார்ஜ் நிக்க மாட்டேங்குது" என்று நாம் சொல்வது அதைத்தான். உள் மின்தடை கூடுவது இன்னொரு விளைவு. அது கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும்.

ஒரு எளிய கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்கு மட்டுமே. புதிய பேட்டரியின் உள் மின்தடை 0.1 ஓம் என்று வையுங்கள். கேமராவும் பிராசஸரும் சேர்ந்து ஒரு கணம் 2.5 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுத்தால், 0.25 வோல்ட் உள்ளேயே விழும். 3.8 வோல்ட்டில் இருந்த பேட்டரி 3.55 ஆக இறங்கும். போனுக்கு அது போதும். பேட்டரி பழசாகி மின்தடை 0.3 ஓம் ஆகிவிட்டால், அதே இழுவைக்கு 0.75 வோல்ட் விழுந்து 3.05இல் நிற்கும். போனின் மின் மேலாண்மைச் சிப் ஒரு கீழ் வரம்பு வைத்திருக்கும். அதைத் தாண்டி மின்னழுத்தம் விழுந்தால், உள்ளே இருக்கும் சர்க்யூட்டுகள் தாறுமாறாக இயங்கிவிடாமல் இருக்கப் போனை உடனே அணைத்துவிடும். அணைந்ததும் இழுவை நின்றுவிடுகிறது. மின்னழுத்தம் பழைய இடத்துக்கு ஏறிவிடுகிறது. மறுபடி எழும்போது 40 சதவீதம் தெரிவது அதனால்தான். திரையில் தெரிந்த எண் பொய்யில்லை. டேங்கில் எவ்வளவு இருக்கிறது என்பதை அது சொன்னது. குழாய் எவ்வளவு தரும் என்பதைச் சொல்லும் எண் அப்போது திரையில் எங்கும் இல்லை.

இன்னும் இரண்டு விஷயங்கள் இதோடு சேர்கின்றன. ஒன்று, குளிர். குளிரில் பேட்டரிக்குள் அயனிகளின் ஓட்டம் மந்தமாகி, உள் மின்தடை தற்காலிகமாக எகிறும். புகார்கள் வடகோளத்தின் குளிர்காலத்தை ஒட்டிக் குவிந்ததில் வியப்பில்லை. இரண்டு, பேட்டரியின் அடிமட்டம். சார்ஜ் குறையக் குறைய மின்னழுத்தமும் இறங்குவதால், கீழ் வரம்புக்கும் அதற்கும் உள்ள இடைவெளி சுருங்குகிறது. எனவே பழைய பேட்டரி, குளிர், குறைந்த சார்ஜ் மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் போன் அதிகம் காலை வாரும். நம் ஊரில் குளிர் ஒரு பொருட்டில்லை. நமக்கு எதிரி வெயில். ஆப்பிள் தன் போன்களை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது. 35க்கு மேல் போனால் கொள்ளளவு நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம் என்றும் எச்சரிக்கிறது. மே மாத வேலூரிலும் சென்னையிலும் 40ஐத் தாண்டும் வெயிலில், பைக் ஹேண்டில்பாரில் மாட்டிய போனில் மேப் ஓடிக்கொண்டிருந்தால் அந்தப் பேட்டரிக்கு வயது வேகமாக ஏறுகிறது என்று பொருள்.

முதல் விளக்கம்

2016 நவம்பரில் ஆப்பிள் ஒரு இலவச பேட்டரி மாற்றுத் திட்டத்தை அறிவித்தது. 2015 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் தயாரான குறிப்பிட்ட சீரியல் எண்கள் கொண்ட 6எஸ் போன்களுக்கு மட்டும். அந்த பேட்டரிகளின் பாகங்கள் பேக்காகச் சேர்க்கப்படும் முன், இருக்க வேண்டிய நேரத்தைவிட அதிக நேரம் காற்றுப்பட இருந்துவிட்டதால் அவை சீக்கிரம் தளர்ந்தன என்பது நிறுவனம் சொன்ன காரணம். இது ஒரு உற்பத்திக் குறை. ஒப்புக்கொண்டு மாற்றித் தந்ததில் எந்தத் தவறும் இல்லை.

ஆனால் அந்தத் தொகுதியில் சேராத போன்களும் அணைந்துகொண்டிருந்தன. அவற்றின் பேட்டரிகள் குறையுள்ளவை அல்ல, வழக்கம்போல வயதானவை. 6எஸ்ஸின் பேட்டரி 1,715 மில்லி ஆம்பியர்-மணி மட்டுமே கொண்டது. அதன் ஏ9 பிராசஸரோ அந்தக் காலத்துக்கு மிக வேகமானது, உச்சத்தில் 1.85 கிகாஹெர்ட்ஸ் தொடும். சின்னப் பேட்டரி, பெரிய இழுவை. வயது ஏறும்போது இடைவெளி எங்கே முதலில் கிழியும் என்பதைப் பொறியாளர்கள் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அடுத்து வந்த ஐபோன் 8, எக்ஸ் மாடல்களில் மின்தேவையை முன்கூட்டிக் கணித்துச் சமாளிக்கும் வன்பொருள் மாற்றங்கள் செய்யப்பட்டன என்று பின்னர் நிறுவனமே சொன்னது.

10.2.1

2017 ஜனவரி 23 அன்று, ஐபோன்களை இயக்கும் மென்பொருளான ஐஓஎஸ்ஸின் 10.2.1 பதிப்பு வெளியானது. அப்டேட் குறிப்பில் வழக்கமான வாசகம்: பிழைத் திருத்தங்கள், பாதுகாப்பு மேம்பாடு. உள்ளே இருந்தது வேறு. போன் தன் பேட்டரியின் உள் மின்தடை, சார்ஜ் அளவு, வெப்பநிலை மூன்றையும் பார்த்து, திடீர் இழுவையை இந்தப் பேட்டரியால் தாங்க முடியாது என்று கணித்தால், பிராசஸரின் உச்ச வேகத்துக்கு ஒரு கூரை போட்டுவிடும். ஒரு கணத்தில் தேவைப்படும் மின்சாரத்தைச் சற்று நீண்ட நேரத்துக்குப் பிரித்துக்கொள்வதுதான் தத்துவம். வேலை முடிய நேரம் பிடிக்கும்; போன் அணையாது.

பிப்ரவரியில் ஆப்பிள் ஊடகங்களுக்கு ஒரு கணக்குக் கொடுத்தது: புதிய அப்டேட்டுக்குப் பின் 6எஸ் போன்களில் திடீர் அணைவு 80 சதவீதத்துக்கு மேலும், 6 போன்களில் 70 சதவீதத்துக்கு மேலும் குறைந்துள்ளது. எப்படிக் குறைந்தது என்பது அந்தச் செய்தியில் இல்லை. அப்டேட் குறிப்பில் பிற்பாடு சேர்க்கப்பட்ட வரியும், உச்சப் பணிச்சுமையின்போது மின் மேலாண்மையை மேம்படுத்தி எதிர்பாராத அணைவைத் தவிர்க்கிறது என்பதோடு நின்றுகொண்டது. "மேம்படுத்துகிறது" என்ற சொல்லைப் படித்து, தன் போனின் வேகம் குறையப் போகிறது என்று யார் புரிந்துகொண்டிருக்க முடியும்?

அன்று முதல் பதினோரு மாதங்கள் உலகம் முழுக்கப் பழைய ஐபோன்கள் அமைதியாக மெதுவாகின. ஆப் திறக்கத் தாமதம், விரலால் தள்ளும்போது திக்கித் திக்கி நகரும் திரை, கீபோர்டு வரக் காத்திருப்பு. ஆப்பிளின் உதவிப் பக்கம் பின்னாளில் தந்த பட்டியலில் இன்னும் சில இருந்தன: திரை வெளிச்சம் மங்கும், ஸ்பீக்கர் ஒலி 3 டெசிபெல் வரை இறங்கும், மிகத் தளர்ந்த பேட்டரி என்றால் கேமரா ஃப்ளாஷ் வேலை செய்யாது. அழைப்பின் தரம், எடுத்த படத்தின் தரம், ஜிபிஎஸ் ஆகியவற்றில் கை வைக்கப்படவில்லை. போன் உயிரோடு இருக்க எதையெல்லாம் விட்டுக்கொடுக்கலாம், எதை விடக்கூடாது என்று ஒருவர் உட்கார்ந்து நிதானமாக யோசித்திருக்கிறார் என்பது இந்தப் பட்டியலில் தெரிகிறது. நல்ல பொறியியல் அது, மனதாரச் சொல்கிறேன். நள்ளிரவில் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டிய ஒருவருக்கு, மெதுவான போன் அணைந்த போனைவிட ஆயிரம் மடங்கு மேல்.

குறை சொல்ல வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது.

இரண்டு எண்கள்

2017 டிசம்பரின் முற்பாதியில் ரெட்டிட் என்ற இணைய விவாதத் தளத்தில் ஒரு 6எஸ் பயனர் தன் அனுபவத்தை எழுதினார். போன் மிகவும் மெதுவாகிவிட்டது. கீக்பெஞ்ச் என்ற வேகச் சோதனை ஆப்பில் ஒற்றைக் கோர் (பிராசஸரின் கணிக்கும் அலகு ஒன்று மட்டும்) மதிப்பெண் 1,466, பல கோர் 2,512. பேட்டரியை மட்டும் மாற்றிவிட்டு மறுபடி ஓட்டினார். 2,526, 4,456. அதே போன், அதே பிராசஸர், அதே ஐஓஎஸ்.

ஒருவரின் அனுபவம் தற்செயலாக இருக்கலாம். ஆனால் கீக்பெஞ்சைத் தயாரிக்கும் பிரைமேட் லேப்ஸ் நிறுவனத்தின் நிறுவனர் ஜான் பூலிடம் உலகெங்கும் பயனர்கள் ஓட்டிய சோதனைகளின் முடிவுகள் குவிந்திருந்தன. அவர் 6எஸ் போன்களின் மதிப்பெண்களை ஐஓஎஸ் பதிப்பு வாரியாகப் பிரித்து வரைபடமாக்கி டிசம்பர் 18 அன்று வெளியிட்டார். 10.2 பதிப்பில் 2,500ஐ ஒட்டி ஒரே ஒரு மேடு; எல்லாப் போன்களும் ஏறக்குறைய ஒரே வேகம், எதிர்பார்க்க வேண்டியதும் அதுவே. 10.2.1இல் அந்த மேட்டுக்குக் கீழே ஆங்காங்கே சின்னச் சின்ன மேடுகள் முளைத்திருந்தன. 11.2இல் அவை இன்னும் உயர்ந்திருந்தன. ஐபோன் 7க்கு 10.2.1இல் ஒன்றும் இல்லை, 11.2இல் அதற்கும் மேடுகள் வந்துவிட்டன.

இந்தப் படத்தின் அழகே அது கொடுக்கும் சாட்சியம்தான். பேட்டரி வயதானதால் இயல்பாகவே வேகம் குறைந்திருந்தால், மதிப்பெண்கள் சரிவாகப் பரவியிருக்கும். தனித்தனி மேடுகள் என்றால் யாரோ படிகள் கட்டியிருக்கிறார்கள்: இந்த அளவு தளர்ந்த பேட்டரிக்கு இந்த வேகம், இன்னும் தளர்ந்தால் அடுத்த வேகம் என்று. அந்தப் படிகள் ஒரு குறிப்பிட்ட அப்டேட்டின் நாளில் முளைத்தன. நிறுவனத்தின் உள்ளே இருந்து ஒரு காகிதமும் வெளிவராமல், வெளியே இருந்த எண்களை வைத்தே இதைக் காட்டியது துப்பறியும் வேலைக்கு ஒப்பானது.

பூல் எழுதியவற்றில் முக்கியமான கருத்து வரைபடத்துக்குக் கீழே இருந்தது. குறைந்த வேகம் கண்ணுக்குத் தெரியும். அதன் காரணம் தெரியாது. அதனால் பயனர் "போன் மெதுவாகிவிட்டது, போனை மாற்ற வேண்டும்" என்று நினைப்பாரே ஒழிய, "பேட்டரியை மாற்ற வேண்டும்" என்று நினைக்க மாட்டார். முழு விவகாரமும் இந்த ஒரு இடத்தில்தான் சுழல்கிறது. 40 சதவீதத்தில் அணையும் போனைக் கையில் எடுக்கும் எந்த மெக்கானிக்கும் "பேட்டரி வீக்" என்று சொல்லிவிடுவார். மெதுவான போனைக் கொண்டுபோனால் அவருக்கும் பிடிபடாது. மெமரி நிறைந்துவிட்டது, மாடல் பழசு என்பார். அப்டேட், நோயைக் கட்டுப்படுத்தியதோடு நோயின் அடையாளத்தையும் மாற்றிவிட்டது.

பத்து நாள்

டிசம்பர் 20 அன்று ஆப்பிள் ஒப்புக்கொண்டது. ஐபோன் 6, 6எஸ், எஸ்இ மாடல்களுக்கு, குளிரிலும் குறைந்த சார்ஜிலும் வயதான பேட்டரியிலும் திடீர் அணைவு நேராமல் இருக்க, உச்சத் தேவைகளை மட்டும் மட்டுப்படுத்தும் வசதியைச் சென்ற ஆண்டு தந்தோம், இப்போது 11.2இல் ஐபோன் 7க்கும் அதை நீட்டித்திருக்கிறோம் என்பது அறிக்கையின் சாரம். உடனே அமெரிக்காவில் வழக்குகள் குவிந்தன. பிரான்சில் திட்டமிட்டுப் பொருளின் ஆயுளைக் குறைப்பதை 2015 முதல் சட்டம் குற்றமாகவே பார்க்கிறது. அங்கே ஒரு நுகர்வோர் அமைப்பு புகார் கொடுத்தது.

டிசம்பர் 28 அன்று மன்னிப்புக் கடிதம் வந்தது. வாரன்டி முடிந்த ஐபோன் 6 முதலான மாடல்களுக்குப் பேட்டரி மாற்றும் கட்டணம் அமெரிக்காவில் 79 டாலரிலிருந்து 29 டாலராக 2018 டிசம்பர் வரை குறைக்கப்பட்டது. முதலில் ஜனவரி இறுதியில் தொடங்குவதாக இருந்த சலுகை உடனே தொடங்கியது. கடையின் சோதனையில் பேட்டரி தேறிவிட்டாலும், கேட்டவருக்கு மாற்றித் தரப்படும் என்றும் ஆனது. ஜனவரியில் ஆப்பிளின் தலைமை நிர்வாகி டிம் குக் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், அப்போது நாங்கள் சொன்னோம், பலர் கவனிக்கவில்லை, இன்னும் தெளிவாகச் சொல்லியிருக்கலாம் என்ற பொருளில் பேசினார். "கவனிக்கவில்லை" என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கவனிப்பதற்கு அந்தக் குறிப்பில் ஒன்றும் இல்லை.

ஓராண்டு கழித்து, 2019 ஜனவரி 2 அன்று, முதலீட்டாளர்களுக்குக் குக் எழுதிய கடிதம் இந்த வழக்கின் மிக முக்கியமான ஆவணம் என்று நினைக்கிறேன். அந்தக் காலாண்டின் வருவாய் மதிப்பீட்டை 89 முதல் 93 பில்லியன் டாலர் என்பதிலிருந்து 84 பில்லியனாக நிறுவனம் குறைத்தது. பெரிய காரணம் சீனச் சந்தை. புதிய ஐபோனுக்கு மாறுவோர் எண்ணிக்கை எதிர்பார்த்ததைவிடக் குறைந்ததற்கான காரணங்களில், மலிவு விலை பேட்டரி மாற்றத்தைச் சிலர் பயன்படுத்திக்கொண்டதும் ஒன்றாக எழுதப்பட்டிருந்தது. பழைய போனுக்குப் புதுப் பேட்டரி போட்டால் மக்கள் புதுப் போன் வாங்குவதைத் தள்ளிப்போடுகிறார்கள் என்பதை நிறுவனமே எழுத்தில் தந்துவிட்டது. புதுப் போன் விற்பதற்காகவே 10.2.1 எழுதப்பட்டது என்று இதை வைத்து நான் சொல்ல மாட்டேன். அந்த நோக்கத்தை இது நிரூபிக்கவில்லை. ஆனால் காரணத்தைச் சொல்லாமல் விட்ட பதினோரு மாதங்களில் பேட்டரி மட்டும் மாற்றியிருக்க வேண்டிய எத்தனையோ பேர் போனையே மாற்றியிருப்பார்கள் என்ற முடிவை இனித் தவிர்க்க முடியாது.

மஞ்சள் பேட்டரி

இதே ஆப்பிள், இதே 6எஸ் காலத்தில், வேகத்தைக் குறைக்கும் இன்னொரு வசதியையும் வைத்திருந்தது. அதைப் பற்றி யாரும் வழக்குப் போடவில்லை.

2015 செப்டம்பரில் ஐஓஎஸ் 9உடன் லோ பவர் மோட் வந்தது. சார்ஜ் 20 சதவீதத்துக்கு இறங்கும்போது போன் கேட்கும்: லோ பவர் மோடுக்கு மாறவா? 10 சதவீதத்தில் மறுபடி கேட்கும். சரி என்றால் மின்னஞ்சலைத் தானாக எடுப்பதும், பின்னணியில் ஆப்கள் புதுப்பித்துக்கொள்வதும், தானியங்கி டவுன்லோடும் நிற்கும். சில காட்சி அலங்காரங்கள் போகும். திரை 30 நொடியில் பூட்டிக்கொள்ளும். பிராசஸரும் மெதுவாகும், ஐபோன் 6இல் அந்த மோடைப் போட்டுச் சோதித்தவர்கள் ஒற்றைக் கோர் மதிப்பெண் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்ததைக் கண்டார்கள். பிராசஸரை மெதுவாக்குவதில் கூடுதல் லாபம் உண்டு. வேகத்தைக் குறைக்கும்போது அதற்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தையும் குறைக்கலாம்; செலவாகும் மின்திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கேற்ப மாறுவதால், வேகத்தில் இழப்பதைவிடச் சார்ஜில் மிச்சமாவது அதிகம்.

ஆக, பயனர் படும் மெதுவு ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் லோ பவர் மோடில் பேட்டரிச் சின்னம் மஞ்சளாகிறது. ஏன் மெதுவாக இருக்கிறது என்ற கேள்விக்கான பதில் திரையின் மூலையிலேயே எப்போதும் இருக்கிறது. வேண்டாமென்றால் நிறுத்திவிடலாம், சார்ஜ் 80 சதவீதம் ஏறினால் அதுவே விலகிக்கொள்ளும். ஆண்ட்ராய்டு 5.0 கொண்டுவந்த பேட்டரி சேவரும் மேலும் கீழும் ஆரஞ்சுப் பட்டையைக் காட்டியது. சாம்சங் 2014இல் கேலக்ஸி எஸ்5இல் தந்த அல்ட்ரா பவர் சேவிங் மோட் திரையையே கறுப்பு வெள்ளையாக்கிவிடும். பார்த்த கணத்தில் தெரியும், போன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று. கேட்டு, காட்டி, நிறுத்தும் உரிமையையும் கொடுத்துச் செய்தபோது யாருக்கும் மனக்கசப்பு இல்லை.

இரண்டுக்கும் இன்னொரு வேறுபாடும் உண்டு. இதில் பலர் இன்றும் குழம்புகிறார்கள். லோ பவர் மோட் மிச்சமிருக்கும் சார்ஜை நீட்டிக்கிறது. சார்ஜ் ஏற்றினால் அதன் வேலை முடிந்தது. 10.2.1 செய்தது பேட்டரியின் வயதைப் பார்த்துச் செய்தது. நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிவைத்தாலும் கூரை முழுதாக விலகும் என்பதற்கு உறுதியில்லை. சார்ஜ் நிறைய இருக்கும்போதும் போன் மந்தமாக இருந்தால், பவர் சேவிங் எதுவும் ஓடாமல் இருந்தால், சந்தேகம் போக வேண்டிய இடங்களில் பேட்டரியும் ஒன்று.

மட்டுப்படுத்தாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் அதே காலத்தில் ஒரு உதாரணம் உண்டு. கூகுளும் ஹுவாவேயும் சேர்ந்து தந்த நெக்சஸ் 6பி, பேட்டரி தளர்ந்ததும் கணிசமான சார்ஜ் இருக்கும்போதே அணைந்தது. தானாகத் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகும் கோளாறோடு சேர்ந்து அதுவும் அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போய், 2019இல் 97.5 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தது. எனவே ஆப்பிள் எதுவும் செய்யாமல் இருந்திருக்க வேண்டும் என்ற வாதத்தில் எனக்கு உடன்பாடில்லை.

தீர்ப்புகளும் சமரசங்களும்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 2018 அக்டோபரில் இத்தாலியின் போட்டி ஆணையம் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ அபராதம் விதித்தது; அதில் பாதி, பேட்டரியின் ஆயுளையும் பராமரிப்பையும் பற்றிப் பயனர்களுக்குச் சொல்லாததற்காக. நோட் 4 போன்களில் பளுவான அப்டேட்டைப் போட வைத்ததற்காகச் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோ. 2020 பிப்ரவரியில் பிரான்ஸ் 2.5 கோடி யூரோ. முக்கியத் தகவலை மறைத்ததன் மூலம் தவறாக வழிநடத்தியது என்பது காரணம். அமெரிக்காவில் 2020 மார்ச்சில் கூட்டு வழக்கு 50 கோடி டாலர் வரை தரும் சமரசத்துக்கு வந்தது, தவறை ஒப்புக்கொள்ளாமலேயே. அதே ஆண்டு நவம்பரில் முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களோடு 11.3 கோடி டாலர். கூட்டு வழக்கில் மனுச் செய்தவர்களுக்குக் காசு கைக்கு வந்தது 2024 ஜனவரியில், ஆளுக்குச் சுமார் 92 டாலர். அதற்குள் அந்த 6எஸ்களில் பெரும்பாலானவை யார் கையிலும் இருந்திருக்காது.

பிரான்சின் தீர்ப்பில் ஒன்றைக் கவனித்தேன். ஆயுளைத் திட்டமிட்டுக் குறைத்த குற்றமாக அது முடியவில்லை. சொல்லாமல் விட்டதற்குத்தான் தண்டனை. தொகையோடு, தன் பிரெஞ்சு இணையதளத்தில் ஒரு மாதம் அதைப் பற்றிய அறிக்கையைப் போட்டுவைக்கவும் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. எதைச் சொல்லாமல் விட்டார்களோ அதைச் சொல்லவைப்பது சரியான தண்டனை என்றே எனக்குப் படுகிறது.

இன்று செட்டிங்ஸில் இருப்பது

2018 மார்ச் 29 அன்று வந்த ஐஓஎஸ் 11.3தான் இந்த விவகாரத்தின் நிலையான பலன். செட்டிங்ஸில் பேட்டரி ஹெல்த் என்ற பக்கம் வந்தது. அதில் இரண்டு செய்திகள். ஒன்று, புதிதாக இருந்ததோடு ஒப்பிட்டால் இப்போது கொள்ளளவு எத்தனை சதவீதம். இரண்டு, உச்சத் தேவையைப் பேட்டரியால் தாங்க முடிகிறதா. டேங்க் எவ்வளவு பெரியது, குழாய் எவ்வளவு தரும் என்ற இரண்டு கேள்விக்கும் இரண்டு தனிப் பதில். அந்தக் கால ஐபோன் பேட்டரிகள் 500 முழு சார்ஜ் சுற்றுகளுக்குப் பிறகும் 80 சதவீதம் கொள்ளளவு தாங்கும்படி வடிவமைக்கப்பட்டவை. ஒருநாளைக்கு ஒரு சுற்று என்றால் ஒன்றரை ஆண்டுக்குள் அந்த எல்லை வந்துவிடும். ஐபோன் 15 முதல் அது 1,000 சுற்றாகியிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் போன்கள் குறைந்தது 800 சுற்றுகளுக்குப் பிறகும் 80 சதவீதம் வைத்திருக்க வேண்டும் என்பது இப்போது சட்டம்.

என் வீட்டிலும் உறவிலும் யார் "போன் ஹேங் ஆகுது" என்று கொண்டுவந்தாலும் நான் முதலில் பார்ப்பது இந்தப் பக்கத்தைத்தான். இப்போது ஆண்ட்ராய்டு போன்கள் சிலவற்றிலும் பேட்டரி நிலை செட்டிங்ஸில் தெரிகிறது. கொள்ளளவு 80க்குக் கீழே இருந்தால், வேறு எதையும் தொடும் முன் நல்ல பேட்டரி ஒன்று போடச் சொல்வேன். போனின் விலையோடு ஒப்பிட்டால் அது சின்னச் செலவு. சார்ஜ் ஏற்றும்போது போனைத் தலையணைக்கு அடியிலோ, காரின் டாஷ்போர்டு வெயிலிலோ வைக்காமல் இருந்தால் அந்தச் செலவும் தள்ளிப்போகும்.

இந்த மட்டுப்படுத்தும் வசதி இன்றும் இருக்கிறது, ஐஓஎஸ் 12.1இல் ஐபோன் 8க்கும் எக்ஸுக்கும் வந்தது, 13.1இல் அடுத்த வரிசைக்கு. ஆனால் புதுப் போனில் அது ஓடாது. முதல் முறை போன் திடீரென்று அணைந்த பிறகுதான் தொடங்கும். தொடங்கியதும் அந்தப் பக்கத்தில் ஒரு வாசகம் தோன்றும்: தேவையான உச்ச மின்சாரத்தைப் பேட்டரியால் தர முடியாததால் இந்த ஐபோன் எதிர்பாராமல் அணைந்தது; மறுபடி நேராமல் இருக்கச் செயல்திறன் மேலாண்மை தொடங்கப்பட்டுள்ளது. அதன் முடிவில் நிறுத்தும் பொத்தான் ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் போன் பழைய வேகத்துக்கு வந்துவிடும். அடுத்த முறை அணையும்போது மேலாண்மை தானே திரும்பி வரும். அந்த வாசகமும் கூடவே வரும்.